துறைமுகத் தாளங்கள்: கியூப நடன இசையும் ஐரோப்பிய இசைக்குழுக்களும் வடசென்னையும்

1. கேள்வி

வடசென்னை உழைக்கும் மக்களின் பாட்டு மரபான கானாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை அட்லாண்டிக் கரையின் ஏதேனும் ஓர் இசையோடு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ், நியூயார்க்கின் ராப், ஜமைக்காவின் ரெக்கே என்று ஒப்புமைகள் நீள்கின்றன. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னையில் கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் நிறுத்திய பிறகு இந்த ஒப்புமைகள் மேலும் வலுப்பெற்றன. இந்தப் பட்டியலில் கியூபா இடம்பெறுவது அரிது. ஆனால் கையால் தொட்டுக் காட்டக்கூடிய தொடர்பு இருப்பது கியூபாவோடுதான். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வட்டாரத்தின் மெல்லிசைக் குழுக்களிலும் பின்னர் கானா மேடைகளிலும் டோலக்கோடும் தபேலாவோடும் சேர்ந்து ஒலித்த பாங்கோ, டும்பா ஆகிய இரண்டும் கியூபாவில் உருவான கருவிகள். இரட்டைச் சிறு பறையான பாங்கோ அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் சோன் என்னும் நடன இசையோடு வளர்ந்தது. உயரமான ஒற்றைமுகப் பறையான டும்பா அங்கே ஆப்பிரிக்க வழிவந்தவர்களின் கருவி. இவை வடசென்னைக்கு எப்படி வந்தன? கருவியோடு அதன் இசையும் வந்ததா?

இதுவரை இரண்டு விடைகள் புழக்கத்தில் உள்ளன. சினிமா மேற்கத்திய இசையை நகலெடுத்தது, தெருக்கலைஞர் சினிமாவை நகலெடுத்தார் என்பது ஒன்று. கானா முற்றிலும் மண்ணில் முளைத்த மரபு, வெளிக்கருவிகள் அதன்மேல் பின்னர் ஒட்டிக்கொண்டவை என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. ஐரோப்பிய நடனக் குழுக்கள் கியூப இசையிலிருந்து அதன் உழைக்கும் மக்களை நீக்கிவிட்டு, கருவியையும் வாசிக்கும் பாங்கையும் மட்டும் உலகெங்கும் அனுப்பின. வடசென்னைக் கலைஞர்கள் அந்தக் கருவியை எடுத்து, ஹவானாவின் கப்பல்துறைக் குடியிருப்புகளில் அது செய்துவந்த வேலையை ஒத்த ஒரு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். ஹவானாவை அவர்கள் அறியாமலேயே இது நடந்தது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

2. கப்பல்துறை ரும்பாவும் ஓட்டல் ரும்பாவும்

ரும்பா என்ற பெயரில் இருவேறு இசைகள் உலவுகின்றன. இதைப் பிரித்தறியாமல் மேலே செல்ல இயலாது. முதலாவது, ஹவானா, மத்தான்சாஸ் ஆகிய துறைமுக நகரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கறுப்பினத் தொழிலாளர்கள் வளர்த்தெடுத்தது. கியூபாவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1886இல்தான். விடுபட்டவர்களில் பலர் கப்பல்துறையில் சுமை தூக்கினார்கள். பறைகள் மீது ஆட்சியாளருக்குச் சந்தேகம் இருந்த காலம் அது. எனவே கருவாடு வந்திறங்கிய மரப்பெட்டியும் மெழுகுவத்திப் பெட்டியும் தாளக்கருவிகளாயின. இரண்டு சிறு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி ஒலியெழுப்பும் கிளேவ் கூட, ஹவானாக் கப்பல் கட்டும் தளங்களில் பலகைகளை இணைக்கப் பயன்பட்ட மர முளையிலிருந்து வந்தது என்பது கியூப இனவரைவியலாளர் ஃபெர்னாந்தோ ஓர்த்திஸின் கருத்து. யாம்பு, குவாகுவாங்கோ, கொலும்பியா என மூவகைப்பட்ட இந்த ரும்பாவில் பறையும் குரலும் நடனமும் மட்டுமே உண்டு. பியானோவுக்கும் வயலினுக்கும் அதில் இடமில்லை. துறைமுக வேலைக்கு ஆள் சேர்ப்பதில் அபாகுவா என்னும் ஆண்களின் ரகசியச் சகோதரச் சங்கங்களுக்குப் பெரும் செல்வாக்கு இருந்தது. அச்சங்கங்களின் சடங்குப் பறைகளும் இந்த இசைக்குள் கலந்தன. கூலி, சடங்கு, பாட்டு மூன்றும் ஒரே மனிதர்களின் கையில் இருந்தன.

இரண்டாவது ரும்பா ஓட்டல்களில் பிறந்தது. மொய்செஸ் சிமோன்ஸ் எழுதிய ‘எல் மனிசெரோ’ என்ற வேர்க்கடலை விற்பவனின் பாட்டை தோன் அஸ்பியாசுவின் ஹவானா குழு 1930இல் நியூயார்க்கில் பதிவு செய்தது. இசைத்தட்டு பெருவெற்றி பெற்றதும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ரும்பா மோகம் பரவியது. உண்மையில் அது சோன் மரபைச் சார்ந்த பாட்டு. விற்பனைக்காக ‘ரும்பா’ என்று பெயரிடப்பட்டது. அதன்பின் ஐரோப்பிய மேடைகளில் நடந்தவை ஆராயத்தக்கவை. லெகுவோனா கியூபன் பாய்ஸ் குழு 1930களில் பாரீஸை மையமாகக் கொண்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றியது. ஸ்பெயினில் பிறந்து ஹவானாவில் வளர்ந்த சேவியர் குகாத் நியூயார்க்கின் ஆடம்பர ஓட்டலிலும் ஹாலிவுட் படங்களிலும் இந்த இசையின் முகமானார். டிரினிடாடில் பிறந்த எட்மண்டோ ரோஸ் 1940 முதல் லண்டன் இரவு விடுதிகளில் தம் குழுவை நடத்தினார். ராபர்ட் இங்லிஸ் என்ற ஸ்காட்லாந்துப் பியானோக் கலைஞர் ‘ரொபர்ட்டோ இங்லெஸ்’ ஆகி லண்டன் சவாய் ஓட்டலில் வாசித்தார். ஹோர்ஸ்ட் வெண்டே என்ற ஜெர்மானியர் ‘ரொபர்ட்டோ டெல்காடோ’ என்ற பெயரில் இசைத்தட்டுகள் வெளியிட்டார்.

பெயர் மாற்றத்தைவிட முக்கியமானது இசை மாற்றம். இக்குழுக்களில் பித்தளைக் கருவிகளும் பியானோவும் மெட்டைச் சுமந்தன. பாங்கோவும் குலுக்கு கருவியான மராகாஸும் பின்னணிக்குச் சென்றன. லண்டன் நடன ஆசிரியர் மான்சியர் பியர் 1947இல் ஹவானாவுக்கே சென்று பார்த்துவந்து நடன அடிகளை முறைப்படுத்தினார். அந்த முறையே போட்டி நடனமாக உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. அங்கே ரும்பா என்று ஆடப்படுவதன் இசை பெரும்பாலும் பொலேரோவுக்கும் சோனுக்கும் நெருக்கமானது. கப்பல்துறை ரும்பாவோடு அதற்குப் பெயரளவு உறவுதான்.

ஐரோப்பியர்கள் கியூபாவைக் கெடுத்துவிட்டார்கள் என்று இதை எளிமைப்படுத்தக் கூடாது. கியூப நடன இசையிலேயே ஐரோப்பா இருக்கிறது. ஆங்கிலேய நாட்டுப்புற நடனம் பிரான்சுக்குப் போய், அங்கிருந்து ஹைத்தி வழியாகவும் ஸ்பெயின் வழியாகவும் கியூபாவை அடைந்து கொந்த்ரதான்சா ஆனது. அதிலிருந்து 1879இல் மத்தான்சாஸின் மிகேல் ஃபைல்தே தான்சோனை உருவாக்கினார். தான்சோனின் வழியில் வயலின் கலைஞர் என்ரிகே ஹொர்ரின் 1950களின் தொடக்கத்தில் சா-சா-சாவைத் தந்தார். ஆகவே ஐரோப்பியக் குழு கியூப இசையை வாசிப்பதில் தவறேதும் இல்லை. எந்தக் கியூபாவை அவர்கள் வாசித்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பதுதான் கேள்வி. விடப்பட்டது கப்பல்துறை.

3. மதராஸ் வந்த வழி

மதராஸுக்கு வந்தது இரண்டாவது ரும்பாதான். இசைத்தட்டு, ஹாலிவுட் படம், 1950 முதல் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு ஆகியவை அதன் வாகனங்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த அளவுக்கு மதராஸில் ஓட்டல் நடன அரங்குகள் இல்லை. 1948இல் மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கும் அத்தகைய இரவுகளுக்குத் துணைபுரிந்திருக்காது. மேற்கத்திய இசை பயின்ற ஆங்கிலோ இந்திய, கிறித்தவக் கலைஞர்களுக்கு நிலையான வருமானம் தந்த இடம் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக்கூடம். விசுவநாதன்–ராமமூர்த்தி இசைக்குழுவில் ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா போன்றோர் இசை ஒழுங்கமைப்பில் உதவினர். கிட்டாரில் பிலிப்ஸும் தாளக்கருவிகளில் நோயல் கிராண்டும் பங்காற்றினர். 1964இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் ஒலிப்பதிவுக்கூடத்தையே காட்சியாக்கிய பாடல் ஒன்று உண்டு. எம்.எஸ். விசுவநாதன் கையசைத்து நடத்துகிறார், டி.எம். சௌந்தரராஜன் பாடுகிறார், சுற்றிலும் கலைஞர்கள் அமர்ந்து வாசிக்கிறார்கள். பாங்கோவின் துரிதமான அடி அப்பாடலை நடத்திச் செல்கிறது. அக்காலத் தமிழ்ச் சினிமா தன் இசைத் தொழிலாளர்களை வெளிச்சத்தில் நிறுத்திய அரிய ஆவணம் என்று இதைச் சொல்வேன்.

நடிகர் ஜே.பி. சந்திரபாபுவையும் இங்கே நினைவுகூர வேண்டும். தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, மதராஸுக்கு வந்தவர் அவர். மூன்றும் துறைமுக நகரங்கள். மேற்கத்திய நடன அடிகளை மதராஸ் பேச்சுத் தமிழோடு ஒரே உடலில் இணைத்துக் காட்டினார். 1958இல் ‘சபாஷ் மீனா’வில் ரிக்‌ஷாக்காரராக அவர் பேசிய மொழி வடசென்னையின் மொழிக்கு வெகு அருகில் இருந்தது. உழைப்பாளியின் பேச்சும் நடன அரங்கின் தாளமும் சேர்ந்து வாழ முடியும் என்பதை வெகுமக்கள் அவரிடம் கண்டார்கள். கானாவின் முன்னோடியாக அவரைச் சொல்வது மிகை. ஆனால் கானா பின்னாளில் நடந்த பாதையில் ஒரு தடையை அவர் அகற்றினார் என்பதை மறுக்க இயலாது.

ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து கருவி தெருவுக்கு இறங்கியது மெல்லிசைக் குழுக்கள் வழியாக. சினிமாப் பாட்டை மேடையில் அப்படியே ஒலிக்கச் செய்வதுதான் அவற்றின் தொழில். பாட்டில் பாங்கோ இருந்தால் மேடையிலும் பாங்கோ வேண்டும். ஆடிமாதக் கூழ்வார்த்தலிலும் திருமண வரவேற்பிலும் கட்சி விழாவிலும் கச்சேரி வைக்கப்பட்டபோது, கியூபக் கருவிகள் வடசென்னைத் தெருமுனைகளுக்கு வந்து சேர்ந்தன. வாசிக்கக் கற்ற இளைஞர்கள் அத்தெருக்களிலிருந்தே உருவானார்கள்.

4. வடசென்னையில் ஏற்கெனவே இருந்தது

கருவி வெற்றிடத்துக்கு வரவில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரம் நிலையத்திலிருந்து புறப்பட்டது. பெரம்பூரில் ரயில்வே பணிமனைகள், பக்கிங்ஹாம்–கர்நாடிக் ஆலை, 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்ட், எண்ணூரில் அசோக் லேலண்ட், தீப்பெட்டி செய்த விம்கோ, நடுவே துறைமுகமும் காசிமேட்டு மீனவர் குடியிருப்புகளும் என்று இந்த வட்டாரம் உழைப்பால் நெய்யப்பட்டது. செங்கல்பட்டிலிருந்தும் வடஆற்காட்டிலிருந்தும் வந்த தலித் மக்களும் கடற்கரை மீனவர்களும் முஸ்லிம்களும் ஆங்கிலோ இந்தியர்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தார்கள். கானாவின் வேர்களாக ஆய்வாளர்கள் காட்டுபவை இவர்களிடமே இருக்கின்றன. சித்தர் பாடல், ஒப்பாரி, சாவு வீட்டின் இரவுப் பாட்டு ஆகியவற்றோடு ராயபுரத்தில் வாழ்ந்து 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபின் சூஃபிப் பாடல்களும் அவற்றில் அடங்கும். பக்கத்திலுள்ள தண்டையார்பேட்டையின் பெயரே, தொண்டியிலிருந்து வந்த அவரைத் தொண்டியார் என அழைத்ததால் ஏற்பட்டது என்பது வழங்கிவரும் செய்தி.

இந்த அண்மையை வைத்து ஓர் அழகான கதையைக் கட்டிவிடலாம். பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஆங்கிலோ இந்தியர்கள் ரும்பாவும் சா-சா-சாவும் ஆட, சுவருக்கு வெளியே நின்ற இளைஞர் அதைக் கேட்டுக் கானாவுக்குக் கொண்டுவந்தார் என்று. இதை ஏற்பதற்கில்லை. நடன அரங்கு எல்லோருக்கும் திறந்த இடமாக இருக்கவில்லை. பணிநிலையும் இனமும் வாயிலைக் காத்தன. மேலும் கானாவின் பழைய நிலையில் பாங்கோ இல்லை. பானை, தகர டப்பா, மேசைப் பலகை, தீப்பெட்டி, வெறுங்கை இவைதான் இருந்தன. கருவி வாங்கப் பணமில்லாதவர்கள் கைக்குக் கிடைத்ததைத் தட்டினார்கள். மத்தான்சாஸில் கருவாட்டுப் பெட்டி செய்த வேலையைத்தான் இவை செய்தன. இரு துறைமுகங்களும் ஒன்றையொன்று கேட்டதால் இந்த ஒற்றுமை வரவில்லை. உழைப்பு முடிந்த இரவு, வறுமை, சாவைச் சேர்ந்து சுமக்கவேண்டிய கட்டாயம் ஆகியவை தந்த ஒற்றுமை அது.

5. தாளம் சொல்லும் சாட்சியம்

கருவி வந்தது, வடிவம் வரவில்லை என்பதற்கு வலுவான சான்று தாள அமைப்பில் இருக்கிறது. கியூப நடன இசையை ஒருங்கிணைப்பது கிளேவ் என்னும் ஐந்தடி ஒழுங்கு. இரண்டு அளவைகளில் மூன்றும் இரண்டுமாகப் பிரிந்து விழும் அந்த அடிகளைச் சார்ந்தே பாடகரும் பியானோவும் பித்தளைக் கருவிகளும் தத்தம் இடத்தை அறிகிறார்கள். யாரும் கட்டையைத் தட்டாதபோதும் கிளேவ் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஐரோப்பிய ஓட்டல் குழுக்களிலேயே இது தளர்ந்துவிட்டது. மதராஸ் திரையிசையில் பாங்கோவின் தொடர் எட்டடியும் மராகாஸின் சலசலப்பும் கேட்கின்றன. ஆனால் பாடலின் சொல்லடுக்கைக் கிளேவ் ஆளுவதில்லை. கானாவிலோ நிலைமை முற்றிலும் வேறு. அதன் விருப்பமான நடை திஸ்ரம். மும்மூன்றாகச் சுழலும் அந்த ஓட்டம் பறையிலும் சாவு மேளத்திலும் ஒப்பாரியிலும் முன்பே இருந்தது. சா-சா-சாவும் ஓட்டல் ரும்பாவும் நாலடியில் நடப்பவை. வடசென்னைக் கலைஞர் நாலடிக் கருவியைக் கையில் வாங்கித் தம் மூன்றின் ஓட்டத்தை அதில் வாசித்தார். டும்பாவின் ஆழ்ந்த அடியைப் பறையின் கனத்த அடியிருந்த இடத்தில் வைத்தார். இதற்கு நகல் என்று பெயரிட முடியாது.

காங்கோவோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். எச்.எம்.வி. நிறுவனம் 1930களில் கியூப இசைத்தட்டுகளைத் தொகுத்து மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைக்கென வெளியிட்டது. அவை காங்கோ ஆற்றங்கரை நகரங்களையும் எட்டின. கேட்டவர்கள் அவற்றில் தங்கள் முன்னோரின் தாளத்தை அடையாளம் கண்டார்கள். அங்கே வடிவமே வேரூன்றிக் காங்கோலிய ரும்பா என்ற தனி இசை எழுந்தது. யுனெஸ்கோ 2016இல் கியூப ரும்பாவையும் 2021இல் காங்கோ ரும்பாவையும் மரபுரிமைப் பட்டியல்களில் சேர்த்திருக்கிறது. அதே நிறுவனத்தின் இசைத்தட்டுகள் விற்ற மதராஸில் அத்தகைய வேரூன்றல் நிகழவில்லை. இசைப்பெட்டி வைத்திருந்த வீடுகளுக்கும் கானா பாடிய குடிசைகளுக்கும் இடையே இருந்த தூரம் ஒரு காரணம். கானாவுக்கு வேறொரு வடிவம் தேவைப்படவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். கருவிதான் அதற்குத் தேவைப்பட்டது.

6. மூன்று மறுப்புகள்

கியூபாவின் கொலும்பியா வகை ரும்பாவும் மும்மூன்றாக ஓடும் நடைதானே, அப்படியானால் உறவு உண்டல்லவா என்று கேட்கலாம். ஒற்றுமை உண்மையே. ஆனால் கொலும்பியா ஐரோப்பிய ஓட்டல் மேடை ஏறியதில்லை, எனவே மதராஸுக்கு வந்த வழியில் அது இல்லை. திஸ்ரம் உலகின் பல பறை மரபுகளுக்குப் பொது. இலங்கையின் பைலா இசையும் இவ்வகை ஓட்டம் கொண்டதே. போர்த்துக்கீசியர் காலத்தில் அத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தோரிடமிருந்து அது கிளைத்தது. பாடகர் ஏ.ஈ. மனோகரன் வழியாக 1970களில் அந்தத் துள்ளல் தமிழ்நாட்டு மேடைகளுக்கும் வந்தது. கானாவில் அயல் தாளத்தின் சாயலைத் தேடுகிறவர்கள் ஹவானாவுக்குப் போகும் முன் கொழும்பைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது மறுப்பு மண்ணின் மரபை முன்வைப்போரிடமிருந்து வருகிறது. பாங்கோவும் டும்பாவும் தற்செயலாக வந்தவை, அவற்றை நீக்கினாலும் கானா கானாவாகவே இருக்கும் என்பார்கள். வடிவத்தைப் பொறுத்தவரை சரி. ஆனால் கலை என்பது வடிவம் மட்டுமன்று, பிழைப்பும்கூட. சாவு வீட்டுத் திண்ணையிலிருந்து கச்சேரி மேடைக்குக் கானா நகர்ந்தபோது, ஒலிபெருக்கிக்கு முன் நிற்கக்கூடிய தாளக்கருவி வேண்டியிருந்தது. கூலி பேசுவதற்கும் குழுவாக அழைக்கப்படுவதற்கும் ‘செட்டு’ வேண்டியிருந்தது. 1990களில் தேவாவின் இசையில் கானா திரைக்குப் போனபோது அங்கே பழகிய கைகள் தயாராக இருந்ததற்கு இந்த மேடைகளே காரணம். கலப்பை ஒப்புக்கொள்வதால் கானாவின் மதிப்பு குறைந்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது. ஓர்த்திஸ் 1940இல் கியூபாவைப் பற்றி எழுதியபோது வலியுறுத்தியதும் இதைத்தான்: பண்பாடுகள் சந்திக்கும்போது பெறுபவர் வெறுமனே பெறுவதில்லை, பெற்றதை மாற்றித் தானும் மாறுகிறார். அப்பார்வை வடசென்னைக்குப் பொருந்துகிறது.

மூன்றாவது மறுப்பு கனமானது. அடிமைமுறையிலிருந்து வெளிவந்த சமூகத்தையும் சாதியின் கீழ் ஒடுக்கப்பட்ட சமூகத்தையும் அருகருகே வைப்பது இரண்டையும் மங்கலாக்கிவிடும் என்பது. இந்த எச்சரிக்கையை ஏற்கிறேன். ஹவானாவில் ஆள்சேர்ப்பில் பங்கு கொண்ட அபாகுவாச் சங்கத்துக்கும் மதராஸ் துறைமுகத்தில் ஆள்சேர்த்த மேஸ்திரி முறைக்கும் நேர் ஒப்புமை இல்லை. அங்கே சங்கம் கறுப்பினத் தொழிலாளரின் சொந்த அமைப்பு. இங்கே மேஸ்திரி பெரும்பாலும் அவர்கள்மேல் நின்றவர். 1948ஆம் ஆண்டின் கப்பல்துறைத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வரவேண்டியிருந்ததே அந்த முறையின் கொடுமைக்குச் சான்று. சாதி இழிவு சாவு மேளத்தையும் மரண கானாவையும் பின்தொடர்ந்ததைப் போலவே, இன இழிவு கியூபாவில் பறையைப் பின்தொடர்ந்தது என்பது வரை ஒப்பிடலாம். அதற்கு மேல் தனித்தனியாகவே பேச வேண்டும்.

7. பதிவு செய்யவேண்டியது

மதராஸ் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரீபியன் தீவுகளுக்கும் கயானாவுக்கும் போன தமிழர்கள் தப்பு என்னும் பறையையும் எடுத்துச் சென்றார்கள். கயானாவின் மாரியம்மன் வழிபாட்டில் அது இன்றும் ஒலிக்கிறது. அந்தப் பயணத்தை ஆராய்ந்தவர்கள் உண்டு. லண்டன் நடன அரங்குகளைச் சுற்றிக்கொண்டு மறுதிசையில் வந்த பாங்கோவின் பயணத்துக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. கானா ஆய்வுகள் பெரும்பாலும் பாட்டின் சொல்லை ஆராய்கின்றன. பாடகரின் பெயராவது மிஞ்சுகிறது. பக்கத்தில் அமர்ந்து வாசித்தவர் யார், யாரிடம் கற்றார், முதல் டும்பாவை எங்கே வாங்கினார், ஆட்டுத்தோல் கிழிந்தபோது யார் பூட்டிக்கொடுத்தார், எண்ணூரிலோ ராயபுரத்திலோ எந்த ஆலையில் பகலில் வேலை செய்தார் என்பவை பதிவாகவில்லை. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கொள்கலன் முனையம் வந்தபின் கையால் மூட்டை ஏற்றி இறக்கும் வேலையே சுருங்கிவிட்டது. கச்சேரி மேடைகளில் மின்னணுத் தாளப்பலகை பாங்கோவின் இடத்தைப் பிடித்துவிட்டது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வாசிக்கத் தொடங்கியவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். பல்கலைக்கழக இசைத்துறைகளும் நாட்டாரியல் ஆய்வாளர்களும் தொழிற்சங்கங்களும் சிறுபத்திரிகைகளும் இந்தத் தாளக் கலைஞர்களைத் தேடிச் சென்று, அவர்கள் பேச்சையும் வாசிப்பையும் இப்போதே ஒலிப்பதிவு செய்யவேண்டும்.